அம்மாவுக்குத் தொழுநோய்னா பிள்ளைக்கும் வருமா? செங்கல்பட்டில் விடை தேடிய டாக்டர் காக்ரேன்

விழுப்புரம் பக்கமிருந்து மாமல்லபுரத்துக்கு வீக் எண்ட் கிளம்புறவங்க, செங்கல்பட்டை ஒட்டி திருமணினு ஒரு ஊர் இருக்கறதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. 1920-களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கிய இடம் அது. அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் ராபர்ட் காக்ரேன்.

1899-ல் சீனாவில் பிறந்தவர். அப்பாவும் மிஷனரி டாக்டர். மகன் கிளாஸ்கோவில் படித்துவிட்டு 1924-ல் இந்தியா வந்தார். நார்வேயின் ஹேன்சன் 1873-லேயே தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சாச்சு. ஆனா ஊர் நம்பியது வேற: ரத்தத்தில் ஊறிய நோய், பரம்பரையா வரும், முன்வினை. அப்படின்னா நோயுள்ள கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் குழந்தை?

அந்தப் பயத்தை முட்டாள்தனம்னு ஒதுக்கிட முடியாது. நஞ்சுக்கொடி எல்லாக் கிருமியையும் தடுக்காது. மலேரியா கிருமிகள் அங்கேயே தேங்கி, அழற்சியைக் கிளப்பி, குழந்தையின் எடையைக் குறைச்சிடும். சிஃபிலிஸ் கிருமி அதைத் தாண்டிப்போய்க் குழந்தையையே தாக்கும். வயிற்றுக்குள்ளேயே உயிரைப் பறிக்கும். ருபெல்லா கண், காது, இதயம்னு கை வைக்கும். தொழுநோய்க் கிருமி வேற ரகம். நோய் முற்றிய அம்மாக்களின் நஞ்சுக்கொடி சிறுத்து, குழந்தை எடை குறைவாகப் பிறக்கலாம் என்பது பிற்காலத்தில் எத்தியோப்பியாவில் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நோயில்லாமலேயே பிறக்கின்றன.

காக்ரேன் காலத்தில் இந்த ஆய்வெல்லாம் கிடையாது. அப்போது கையில் இருந்த ஆதாரம் கொஞ்சம் கொடூரமானது. நோயுள்ள பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துத் தனி இல்லங்களில் வளர்த்தார்கள். சீக்கிரமே பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நோய் வரவில்லை. தொற்றும் நிலையில் இருந்த பெற்றோரோடு ஒரே குடிசையில் படுத்து எழுந்த பிள்ளைகளுக்கு வந்தது. ஆக, நோய் வருவது கருவில் இல்லை, வீட்டில். பரம்பரை நோய்ங்கற பேச்சு அதோட அடிபட்டுப் போச்சு. ஆனா அந்த விடைக்காகப் பால்குடி மறக்காத பிள்ளையைக் கொடுத்துட்டுப் போன அம்மாக்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறது?

நோயாளிகளை மொத்தமாக அடைத்துவைப்பது தீர்வாகாது என்பது காக்ரேனுக்குப் புரிந்தது. அத்தனை பேருக்குப் படுக்கையும் இல்லை. அதனால் சென்னை மாகாண கிராமங்களில் ஒரு முறையை முயன்று பார்த்தார்: தொற்றும் நிலையில் இருப்பவர் பகலில் வயலுக்குப் போகலாம், குடும்பத்தைப் பார்க்கலாம், ராத்திரி மட்டும் ஊருக்கு வெளியே தனிக் கொட்டகையில் படுக்கணும். கேட்க எளிசுதான். விளக்கு வெச்ச பிறகு பிள்ளையை விட்டுட்டு எழுந்து போறது எப்படி இருந்திருக்கும்!

1946-ல் கதை மாறுச்சு. அதுவரை நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவதுதான் வைத்தியம். வலி ஜாஸ்தி, பலன் கம்மி. மாடுகளின் மடிநோய்க்குக் கொடுத்த டாப்சோனை மனிதருக்கு அப்படியே கொடுத்தால் ஆபத்து என்று மருத்துவ உலகம் தயங்கியது. காக்ரேன் அதை எண்ணெயில் கலந்து, அளவோடு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது. பின்னால் அதுவே மலிவான மாத்திரையாக உலகம் முழுக்கப் போனது. மருந்தால் தொற்று அடங்கினால், பிள்ளையைப் பிரிக்க வேண்டிய காரணமே இல்லை.

அந்த வருடங்களில் வேலூர் சிஎம்சி-யின் முதல்வரும் அவரே. 1947-ல் பால் பிராண்ட் என்ற இளம் சர்ஜனைச் செங்கல்பட்டுக்கு வரவழைத்து, மடங்கிப்போன கைகளைக் காட்டினார். அந்த விரல்களை நிமிர்த்துவதே பிராண்டின் வாழ்க்கை வேலையானது தனிக்கதை.

திருமணி மருத்துவமனை 1955-ல் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமானது. காக்ரேன் 1985-ல் இறந்தார். இன்று தொழுநோய் உறுதியானால், கர்ப்பமாக இருந்தாலும் கூட்டு மருந்து சிகிச்சையை நிறுத்துவதில்லை. அரசு மருத்துவமனையில் இலவசம். குழந்தை பிறந்ததும் அம்மா பக்கத்திலேயே படுக்க வைக்கிறார்கள். தாய்ப்பாலும் கொடுக்கலாம்.