பெயரில் ஒளிந்த தாய்

குழந்தைகளே, 1920இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர் ஹென்ரியட்டா லாக்ஸ். புகையிலை வயலில் பாடுபட்டவர். ஐந்து பிள்ளைகளின் தாய். 1951இல் புற்றுநோய்க்காகப் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் கேட்காமலேயே டாக்டர்கள் சிறிது திசுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினர்.

அங்கே அப்போது ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் பெயர், குடும்பப்பெயர் இரண்டிலும் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக் குப்பியில் எழுதுவார்கள். அப்படி வந்ததுதான் 'ஹீலா'. மற்றவர்களின் செல்கள் விரைவில் மடிந்தன. ஹீலாவோ வளர்ந்துகொண்டே இருந்தது!

அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் ஹென்ரியட்டா இறந்தார். போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு அவர் செல்கள் உதவின. ஆனால், ஹெலன் லேன் என்ற தவறான பெயரே வெகுகாலம் புழங்கியது. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்ததே 1973இல்தான்.

இன்று நோயாளி யாரென்று வெளியே தெரியாதபடி மாதிரிகளுக்கு எண், குறியீடு இடுகிறார்கள். ஆனால், ஒவ்வொரு குறியீட்டுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் உண்டு. மறக்காதீர்கள்!