உடலின் நினைவு

பிறர் தந்த உறுப்பால் உயிர் வாழ்வோர் இன்று உலகெங்கும் உள்ளனர். ஆயினும், நன்கு இயங்கிவந்த உறுப்பையும் பல ஆண்டுகளுக்குப் பின்னர் உடல் மறுத்துவிடுவது உண்டு. உடல் ஏன் மறுக்கிறது என்னும் வினாவைப் பின்தொடர்ந்த அறிவியலாளர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பீட்டர் மெடவார் 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பிரேசில் நாட்டில் பிறந்தார். தந்தை லெபனானைச் சேர்ந்தவர், தாய் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் பள்ளிக்கல்வியை முடித்த மெடவார், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார்.

எரிந்த தோலும் எழுந்த வினாவும்

இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலம் அது. 1940இல் அவர் இல்லத்திற்கு அருகே போர்விமானம் ஒன்று வீழ்ந்து எரிந்தது. உயிர் தப்பிய வீரரின் உடலில் பெரும்பகுதி வெந்திருந்தது. காயத்தை மூட அவருடைய நலமான தோல் போதவில்லை. பிறர் தோலை ஒட்டினால் சில நாள்களில் அது கருகி உதிர்ந்துவிடும் என்பதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அதன் காரணத்தை அறிந்திலர்.

காரணத்தைத் தேடி கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்குச் சென்ற மெடவார், தாமஸ் கிப்சன் என்னும் அறுவை மருத்துவருடன் இணைந்தார். தீக்காயமுற்ற பெண்ணொருவருக்கு அவருடைய தோலும் அவர்தம் உடன்பிறந்தவரின் தோலும் சிறுசிறு துண்டுகளாக ஒட்டப்பட்டன. சொந்தத் தோல் பொருந்தி வளர்ந்தது. உடன்பிறந்தவரின் தோல் அழிந்தது. அவரிடமிருந்தே மீண்டும் எடுத்து ஒட்டிய தோலோ முன்னினும் விரைவாக அழிந்தது.

அந்த விரைவில்தான் விடை இருந்தது. சின்னம்மையை ஒருமுறை வென்ற உடல், அக்கிருமியை நினைவில் வைத்து மறுமுறை உடனே எதிர்க்கிறது. அயல் தோலையும் உடல் அவ்வாறே நினைவில் கொள்கிறது. அறுவையின் குறையன்று, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செயலே அது என்னும் முடிவுக்கு வழிகாட்டிய அவ்வாய்வு 1943இல் வெளிவந்தது.

கருவில் கற்ற பாடம்

தன்னையும் அயலையும் உடல் எப்போது பிரித்தறியக் கற்கிறது? பில்லிங்காம், பிரென்ட் ஆகிய இருவருடன் சேர்ந்து மெடவார் இதனை ஆராய்ந்தார். கருவில் இருந்த சுண்டெலிகளுக்கு வேறோர் இனச் சுண்டெலியின் செல்கள் செலுத்தப்பட்டன. அவை பிறந்து வளர்ந்தபின், அவ்வினத்தின் தோலை மறுக்காமல் ஏற்றன. 1953இல் வெளியான இம்முடிவு, எதிர்ப்பைத் தணிக்க இயலும் என்னும் நம்பிக்கையை விதைத்தது. 1960இல் பர்னெட் என்பவருடன் நோபல் பரிசு பெற்ற மெடவார், தம் பங்குத் தொகையை உடன் உழைத்த இருவருக்கும் பகிர்ந்தளித்தார்.

மரபுவழி வரும் அடையாளம்

அயலை அறிய உதவும் அடையாளங்கள் மரபணுக்களால் அமைபவை. கோரர், சினெல் ஆகியோர் சுண்டெலிகளிடமும், தோசே மனிதரிடமும் அவற்றைக் கண்டறிந்தனர். மனிதரிடம் அவை எச்.எல்.ஏ. எனப்படுகின்றன. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இவை வேறுபடும்போது, உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றக்கூடும். அவை உறுப்பின் குருதிக்குழாய்களை மெல்ல மெல்லத் தாக்குகின்றன. குழாய்ச்சுவர் தடித்து, குருதியோட்டம் குறைந்து, ஆண்டுகள் பல கடந்தபின் உறுப்பு செயலிழக்கிறது.

தெரிந்து தெளிவோம்

எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் பிள்ளைக்கு வருகின்றன. ஆகவே, உடன்பிறந்தார் இருவரிடம் இவை முழுதும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாதி ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. சிறிதும் ஒவ்வாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

தளராத உள்ளம்

1969இல் எக்சிட்டர் தேவாலயத்தில் மறைநூற்பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது மெடவாருக்கு மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டது. உடலின் ஒருபுறம் செயலிழந்தது. மனைவி ஜீன் துணைநிற்க, ஆய்வையும் எழுத்தையும் அவர் கைவிடவில்லை. இளம் அறிவியலாளர்களுக்கு அறிவுரை கூறும் நூலை 1979இல் வெளியிட்டார். 1987 அக்டோபர் 2ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியுடன் நிகழ்ந்தது. இன்று தா.பழூர் போன்ற ஊரிலிருந்து சிறுநீரகம் செயலிழந்த தம்பியுடன் அக்காள் ஒருவர் பெருநகர மருத்துவமனைக்குச் சென்றால், அன்பு மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படுவதில்லை. இருவரின் குருதியிலும் திசுப்பொருத்தம் ஆராயப்படுகிறது. வெந்த தோலின் முன் நின்று மெடவார் எழுப்பிய வினாவே அச்சோதனைக்கு வித்தாயிற்று.