கண்ணால் எழுதியவர்

கலிபோர்னியாவில் 1956-ம் ஆண்டு பிறந்தவர் ஹால் பின்னி. கம்ப்யூட்டர் நிபுணர்.

கம்ப்யூட்டரில் மட்டும் புழங்கும் பணம் பிட்காயின். அதை நடத்தும் புரோகிராம் ரகசியம் அல்ல. யாரும் படிக்கலாம்; திருத்தலாம். சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் அதை 2009-ல் வெளியிட்டார்.

பலர் நம்பவில்லை. பின்னி நம்பினார். ஓட்டிப் பார்த்து, பிழைகளைச் சொன்னார். ஜனவரி 12-ந்தேதி சதோஷி அவருக்கு 10 பிட்காயின் அனுப்பினார். ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய முதல் பிட்காயின் அதுதான்!

அதே ஆண்டு ஆகஸ்டில் தலையில் இடி விழுந்தது. கொடிய நரம்பு நோய்! நெடுந்தூரம் ஓடிய கால்கள் ஓய்ந்தன. கைகள் ஓய்ந்தன. பேச்சும் நின்றது.

கண்கள் மட்டும் அசைந்தன. பார்வையைக் கண்டறியும் கருவியின் துணையால், எழுத்து எழுத்தாகப் புரோகிராம் எழுதினார். பிட்காயினைத் திருடரிடமிருந்து காக்கும் புரோகிராம் அது!

2014 ஆகஸ்டு 28-ந்தேதி, 58-வது வயதில் பின்னி காலமானார்.