படகில் பிறந்த சர்க்யூட் – ஹரால்டு பிளாக் வாழ்க்கை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டவுடனே, எழுதினால் ஹரால்டு ஸ்டீபன் பிளாக் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். உலகம் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர் இது. நம்ம வகுப்பில் மட்டும் என்னவோ, நெகட்டிவ் ஃபீட்பேக் என்ற தலைப்பைப் பதினாறு மார்க் கேள்வியாகவே பார்க்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு மனுஷன் இருந்தார், ஆறு வருஷம் தூக்கம் கெட்டு அலைந்தார், கண்டுபிடித்த பிறகும் ஒன்பது வருஷம் காத்திருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு அவர் மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் எங்கள் புராஜெக்ட். எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனுக்கு ஒரு சின்ன ஹைவோல்டேஜ் ஆம்ப்ளிஃபயர் செய்வது என்று நாங்கள் நாலு பேர் எடுத்துக்கொண்டோம். சாதாரண ஹெட்போனில் காந்தமும் காயிலும் இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட உலோகத் தகடு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி செய்யும் மாடல்களில் அந்தப் படலத்துக்கு 580 வோல்ட் டி.சி. பயாஸ் கொடுக்கிறார்கள். இரண்டு தகடுக்கும் எதிரெதிர் ஃபேஸில் சில நூறு வோல்ட் சிக்னல் கொடுத்தால், படலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டுப் பாடும்.

கரண்ட் எவ்வளவு தேவை என்று கேட்டால் சிரிப்பு வரும். ஹெட்போன் என்பது ஆம்ப்ளிஃபயருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் கப்பாசிட்டர் மாதிரிதான். 20 கிலோஹெர்ட்ஸில் 300 வோல்ட் கொடுத்தால்கூட நாலு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். வோல்டேஜ்தான் பிரச்சினை. ஒரு வோல்ட் சிக்னலை முந்நூறு வோல்ட்டாகப் பெருக்கும்போது கோணல் வராமல் இருக்க வேண்டும். ஹைவோல்டேஜ் மாஸ்ஃபெட்டின் கப்பாசிட்டன்ஸோ, வோல்டேஜ் மாற மாற அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். சின்னப் பெட்டி என்பதால் நிறைய ஸ்டேஜ் வைத்துச் சூடாக்கவும் முடியாது. அப்படியானால் கோணலை எப்படி நேராக்குவது? பதில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பதிலைச் சொன்னவர்தான் பிளாக்.

பாலிடெக்னிக் என்ற பெயரில் இருந்து

1898ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெமின்ஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர் பிளாக். அவர் படித்தது ஊஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட்டில். பாலிடெக்னிக் என்றவுடனே நம்மைப் போல டிப்ளமோ என்று நினைத்துவிட வேண்டாம், அது டிகிரி தரும் கல்லூரி. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பது உண்மை!

1921இல் படிப்பை முடித்த கையோடு நியூயார்க்கில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார். 1925இல் பெல் டெலிபோன் லேபரட்டரீஸ் ஆக மாறியது இந்தக் கம்பெனியின் என்ஜினீயரிங் பிரிவுதான்.

சேர்ந்து ஆறு மாதம் ஆனது. கூட வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது, இவருக்கு உயரவில்லை. வேலையை விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போகலாமா என்று யோசித்தார். பிறகு மனசை மாற்றிக்கொண்டார். இருப்பதென்று முடிவு செய்தபின் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆபீஸுக்குப் போய், கம்பெனியின் பழைய ஃபைல்களை எடுத்து வைத்துப் படித்தார். யாரும் படிக்கச் சொல்லவில்லை. இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது, எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே படித்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கொத்தனார். நான் இரண்டாம் வருஷம் படித்தபோது சாரத்திலிருந்து விழுந்து அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. ஐந்து மாதம் வேலை இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கடையில் சேரலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். பிளாக்குக்கு வந்தது சம்பள உயர்வுப் பிரச்சினை, நமக்கு வருவது சோற்றுப் பிரச்சினை. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் விட்டுவிட்டுப் போகலாமா என்ற அந்த ஒரு ராத்திரியை நம்மில் பல பேர் பார்த்திருக்கிறோம் அல்லவா?

ஆயிரம் ஆம்ப்ளிஃபயர், ஒரே குரல்

அந்தக் காலத்து டெலிபோனின் தலைவலி இதுதான். கம்பி நீள நீள குரல் தேய்ந்துவிடும். நடுநடுவே வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்துத் தூக்கிவிட வேண்டும். 1915இல் நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவரை இப்படித்தான் பேச வைத்தார்கள். ஆனால் ஒரே கம்பியில் பல பேச்சுகளை அனுப்ப ஆரம்பித்தபோது சிக்கல் வந்தது. வால்வு ஒரு சுத்தமான பொருள் அல்ல, ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணல் சேர்க்கும். ஒன்றில் கொஞ்சம்தானே என்று விடலாம். வரிசையாக ஆயிரம் வைத்தால்? ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சில் கலந்து கூச்சலாகிவிடும்.

மற்றவர்கள் நல்ல வால்வு செய்யப் பார்த்தார்கள். பிளாக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலாயிரம் மைலுக்கு ஆயிரக்கணக்கான பேச்சுகளை அனுப்ப வேண்டுமானால் கோணல் 50 டெசிபெல் குறைய வேண்டும். எந்த வால்வாலும் அது ஆகாது என்று தெரிந்தது.

1923 மார்ச்சில் ஸ்டைன்மெட்ஸ் என்ற பெரிய மின்சார மேதையின் சொற்பொழிவைக் கேட்கப் போனார். எந்தப் பிரச்சினையையும் அதன் அடிவேர்வரை போய்ப் பார்க்கும் அவருடைய முறை பிளாக்கைப் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு, தன் கேள்வியையே மாற்றிப் போட்டார். ஆம்ப்ளிஃபயர் கோணலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே வருவதில் நமக்கு வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்து, வேண்டாததைக் கழித்துவிட்டால் என்ன? மறுநாளே அதற்குச் சர்க்யூட் வரைந்தார். இன்று ஃபீட்ஃபார்வர்ட் என்கிறோமே, அது இதுதான். வேலையும் செய்தது.

ஆனால் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயரும் கனகச்சிதமாகப் பொருந்தி இருக்க வேண்டும். ராத்திரி பகல் இருபத்து நாலு மணி நேரமும், மணிக்கு ஒரு தடவை ஒருவர் போய் ஃபிலமெண்ட் கரண்டைத் திருகி விட வேண்டும். ஆறு மணிக்கு ஒரு தடவை பேட்டரி வோல்டேஜையும் சரி செய்ய வேண்டும்.

இதைப் படித்தபோது நான் பிளாக்கை நினைக்கவில்லை. அந்தத் திருகுகிற ஆளைத்தான் நினைத்தேன். டிப்ளமோ முடித்த நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வேலைதானே! நைட் ஷிஃப்டில் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதி, குமிழைத் திருகுவது. அந்த ஆள் தூங்கிவிட்டால் லைன் கெட்டுவிடும். மனுஷன் விழித்திருந்தால்தான் வேலை செய்யும் சர்க்யூட் நல்ல சர்க்யூட் அல்ல என்று பிளாக் உணர்ந்தாரே, அங்கேதான் அவர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். நாலு வருஷம் அதை விடாமல் யோசித்தார்.

1927, ஆகஸ்ட் 2

அன்று செவ்வாய்க்கிழமை காலை. ஹட்சன் ஆற்றைக் கடக்கும் லாக்கவானா படகில் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று விடை வந்தது. கையில் இருந்தது அன்றைய நியூயார்க் டைம்ஸ். அதில் காலியாக இருந்த ஒரு பக்கத்தில் படமும் சமன்பாடும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கூட வேலை பார்த்தவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

விடை என்ன? வெளியே வருவதில் ஒரு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளேயே திருப்பி அனுப்பு. அவ்வளவுதான்!

இதை வீட்டில் சொன்னேன். நெகட்டிவ் என்றால் கெட்டது இல்லையா என்று அம்மா கேட்டார். அப்பா பட்டென்று புரிந்துகொண்டார். சுவர் கட்டும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்கள். சுவர் வெளியே சாய்ந்தால் அடுத்த வரியை உள்ளே தள்ளுவார்கள். கல் கோணலாக இருக்கலாம், கொத்தனார் களைத்திருக்கலாம், குண்டு நேராக இருந்தால் சுவரும் நேராக நிற்கும். நெகட்டிவ் ஃபீட்பேக்கும் அதேதான். வால்வு எப்படி இருந்தாலும், திருப்பி அனுப்பும் ரெசிஸ்டர் இரண்டும் சரியாக இருந்தால் போதும்.

கணக்கிலும் பார்த்துவிடுவோம். ஃபீட்பேக் இல்லாமல் கெயின் 100000 என்று வையுங்கள். அவுட்புட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறோம். லட்சத்தை 101ஆல் வகுத்தால் கெயின் 990. இப்போது வால்வு வயசாகி கெயின் பாதியாக, 50000 ஆகக் குறைகிறது. அதை 51ஆல் வகுத்தால் 980. உள்ளே பாதி போய்விட்டது, வெளியே நூற்றுக்கு ஒன்றுதான் குறைந்தது! இனி குமிழ் திருகும் ஆளுக்கு ராத்திரித் தூக்கம் உண்டு.

அதே 1927 டிசம்பர் 29இல், 4 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒரு ஆம்ப்ளிஃபயரில் கோணலை லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது அவர் முன்பு கணக்குப் போட்ட அதே 50 டெசிபெல், குறைத்துக் காட்டினார்.

நம்பாத உலகம்

இனிமேல் மாலை மரியாதைதான் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவரே இதை ஏற்கவில்லை, பழைய மாதிரி ஆம்ப்ளிஃபயரையே செய்யச் சொன்னார். அப்போது ஃபீட்பேக் என்றாலே ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த பாசிட்டிவ் ஃபீட்பேக்தான். அது கெயினை ஏற்றும். எல்லோரும் கெயினுக்காக ஏங்கிய காலத்தில், கஷ்டப்பட்டுச் சேர்த்த கெயினைத் தூக்கி எறிகிறேன் என்று ஒருவர் வந்தால் யார் நம்புவார்கள்?

1928இல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது 1937 டிசம்பர் 21இல். ஒன்பது வருஷத்துக்கும் மேல்! சக்தி இல்லாமலே ஓடும் இயந்திரம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பிரிட்டிஷ் பேட்டன்ட் ஆபீஸ் இவர் விண்ணப்பத்தைப் பார்த்தது. நியூ ஜெர்ஸியில் மாரிஸ்டவுன் டெலிபோன் கட்டடத்தில் 70 ஆம்ப்ளிஃபயர்கள் ஒழுங்காக ஓடுகின்றன என்று ஆதாரம் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது. வாயால் வாதாடி ஜெயிக்கவில்லை, ஓட்டிக் காட்டி ஜெயித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் புகழையும் ஒருவர் தலையில் வைப்பது நியாயமில்லை. ஃபீட்பேக்கை அதிகமாக்கினால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிட ஆரம்பிக்கும். ஹை ஃப்ரீக்வென்சியில் ஃபேஸ் சுற்றி, நெகட்டிவ் பாசிட்டிவாகிவிடும். எப்போது ஊளையிடும், எப்போது இடாது என்று 1932இல் கணக்கு சொன்னவர் ஸ்வீடனில் பிறந்த ஹாரி நைக்விஸ்ட். அதை டிசைன் முறையாக்கித் தந்தவர் ஹெண்ட்ரிக் போடே. இருவரும் அதே பெல் லேபில் வேலை பார்த்தவர்கள். நாம் கிராஃப் ஷீட்டில் வரைந்து நொந்துபோகிறோமே, அந்தப் போடே பிளாட் அவருடையதுதான். படகில் வந்தது யோசனை, அதைக் காலூன்ற வைத்தது கூட்டு உழைப்பு.

பிளாக் 1957இல் லாம்மே பதக்கம் பெற்றார். 1963இல் பெல் லேபிலிருந்து ஓய்வு பெற்றார். படகுக் கதையை அவரே 1977இல், ஐம்பது வருஷம் கழித்து எழுதினார். 1983 டிசம்பர் 11ஆம் தேதி, 85ஆவது வயதில் காலமானார்.

நம் மேஜை மேல்

எங்கள் சின்னப் பெட்டியில் பிளஸ் 350, மைனஸ் 350 என்று இரண்டு சப்ளை. ஹெட்போன் வாங்க வசதி இல்லாததால் 100 பிக்கோஃபாரட் கப்பாசிட்டரையே லோடாக வைத்து சோதித்தோம். ஃபீட்பேக் ரெசிஸ்டரைக் கழற்றினால் சி.ஆர்.ஓ.வில் அலையின் தலை நசுங்கித் தெரியும். மாட்டினால் நேராகும். இன்னும் அதில் ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் அந்த அலை நேரானதைப் பார்த்தபோது நாலு பேருக்கும் பேச்சே வரவில்லை.

ஜூனியர் தம்பி தங்கைகள் யாராவது இதைச் செய்ய நினைத்தால் ஒரு வேண்டுகோள். கரண்ட் கம்மிதானே என்று அலட்சியம் வேண்டாம். 47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் 400 வோல்ட்டில் கிட்டத்தட்ட நாலு ஜூல் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது கொல்லும். பிளீடர் ரெசிஸ்டர் கட்டாயம் போடுங்கள், மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள், தனியாக வேலை செய்யாதீர்கள். 580 வோல்ட் பயாஸுக்கு வரிசையில் 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் வைத்தால், தவறிப்போய் ஷார்ட் ஆனால்கூடக் கரண்ட் கால் மில்லி ஆம்பியரைத் தாண்டாது. காதில் மாட்டும் பொருள் என்பதை மறக்கக் கூடாது.

நண்பர்களே, பிளாக் பெரிய வால்வு எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த கோணல் வால்வை வைத்துக்கொண்டே நேரான வேலை வாங்கினார். நம் லேபில் உள்ள கருவிகளும் பழசு, நம் இங்கிலீஷும் தடுமாறும், வீட்டு நிலைமையும் தெரிந்ததே. நல்ல வால்வு கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் டிப்ளமோ முடிந்துவிடும். செய்வதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துப் பார்த்து, கோணலைக் கழித்துக்கொண்டே போவோம். நாளைக்கு நம்மில் யாராவது நைட் ஷிஃப்டில் குமிழ் திருகும் வேலையில் உட்கார்ந்தால், இந்தக் குமிழ் எதற்கு என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்ப்போம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு