ஐம்பது வயதில் மீண்டும் மாணவரானவர்

பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது, படிப்பை இடையில் விட்டவர்களையே அதிகம் சந்திக்கிறேன். 1983 வன்செயலில் வன்னிக்கு ஓடி, அங்கும் யுத்தத்தில் சிக்கித் திரும்பிய குடும்பங்களும் அவர்களில் உண்டு. வயது போய்விட்டது, இனி என்ன படிப்பு என்கிறார்கள். அவர்களை நினைத்தே சுப்ரமணியன் சந்திரசேகரின் கதையை எழுதுகிறேன்.

1910இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர் அவர். வீடு நிறையப் புத்தகங்கள், மாநிலக் கல்லூரிப் படிப்பு, சி.வி.ராமன் என்ற சித்தப்பா. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. அதை மறைத்துவிட்டு அவரை உதாரணம் காட்டுவது நேர்மையல்ல.

1930இல், 19 வயதில், இங்கிலாந்து போகும் கப்பலிலேயே ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குள்ளனாக அடங்குவதற்கு ஒரு திணிவு எல்லை உண்டு. அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் சுருங்கிக்கொண்டே இருக்கும். 1935 ஜனவரியில் லண்டனில் இதை அவர் விளக்கியபோது, ஆர்தர் எடிங்டன் அதே கூட்டத்தில் ஏளனம் செய்தார். 1919 சூரிய கிரகணத்தில் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலை உலகறியச் செய்தவர் எடிங்டன். அவரை எதிர்த்துப் பேசப் பெரியவர்கள் எவரும் முன்வரவில்லை. சந்திரசேகர் 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வேறு துறைகளில் உழைத்தார்.

1960களின் தொடக்கத்தில், ஐம்பதைத் தாண்டிய பிறகு, பொதுச் சார்பியலை அடியிலிருந்து படிக்க உட்கார்ந்தார். அதன் அத்திவாரம் கேத்திரகணிதம். முக்கோணியின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று பாடசாலையில் படித்தோம். அது தட்டையான தாளுக்குத்தான். தெமோதரையில் உருண்டையான ஒரு தேயிலைக் குன்றில் மூன்று முளைகள் அடித்து, நிலத்தோடு ஒட்டி நூலை இழுத்துக் கட்டி அளந்தால், கூட்டுத்தொகை 180ஐத் தாண்டும். குன்றை விட்டு வெளியே போகாமலே அதன் வளைவை அறியலாம் என்று காவுஸ் கண்டார். 1854இல் ரீமான் அதை எத்தனை பரிமாணங்களுக்கும் விரித்தார். ஐன்ஸ்டீனே இந்தக் கணிதத்துக்கு 1912இல் நண்பர் மார்செல் குரோஸ்மனின் உதவியை நாடினார். திணிவு வெளியையும் காலத்தையும் வளைக்கிறது. அந்த வளைவில் மிக நேரான பாதை எதுவோ, அதில் கோள் போகிறது. 1915இல் முழுமை பெற்ற கோட்பாட்டின் சாரம் இதுதான்.

1962இல் போலந்தில் நடந்த சார்பியல் மாநாட்டில், பேர்பெற்ற அந்த விஞ்ஞானி மாணவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். நியூட்டன் விதிப்படி நிலைத்து நிற்கும் சில நட்சத்திரங்கள், பொதுச் சார்பியல்படி நிலைகுலையும் என்று 1964இல் காட்டினார். கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவரது பெருநூல் 1983இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. ஒக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்று அவருக்கு 73 வயது நிறைந்தது. 1995இல் காலமானார்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் ஊவாவில் இன்றும் சிலவே. அந்தக் குறையைத் தனி ஒருவரின் மனவுறுதி தீர்க்காது, அரசுதான் தீர்க்க வேண்டும். ஆனால் வயது போய்விட்டது என்ற ஒரு காரணத்தை மட்டும் சந்திரசேகரின் வாழ்க்கை ஏற்றுக்கொள்வதில்லை.