விளைவின் பெயரில் இல்லாதவர்

செண்பகத்தோப்பு வனத்தைத் தாங்கி நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே இருக்கிறது வத்திராயிருப்பு. இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்த ஊர் அது.

உலோகத்தின் மீது படும் ஒளி எலெக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. ஒளியின் செறிவைக் கூட்டினால் அவற்றின் எண்ணிக்கை கூடுமே தவிர, வேகம் கூடுவதில்லை. நிறம் ஊதாவை நோக்கி நகர்ந்தால்தான் வேகம் கூடும். ஒளி ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாக வருவதே காரணம் என 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அந்நிகழ்வில் எலெக்ட்ரான் ஒரு பொட்டலத்தை முழுமையாக விழுங்கிவிடுகிறது. ஒளி தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் மூலக்கூறிடம் இழந்து, நிறம் மாறி வெளிவருமா?

வரும் என்று 1928-இல் கொல்கத்தாவில் சி.வி.ராமனும் கிருஷ்ணனும் காட்டினர். வடிகட்டிய சூரிய ஒளியைத் தூய திரவங்களில் செலுத்தி, சிதறிய மங்கலான ஒளியை இருட்டறையில் வெறுங்கண்ணால் உற்றுநோக்கியவர் கிருஷ்ணன். ‘நேச்சர்’ இதழில் வெளியான முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது; விளைவும் அவர் பெயரையே பெற்றது.

கிருஷ்ணன் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் வெளியேறுவதை அங்கே ஆராய்ந்தார். 1961-இல் மறைந்தார்.

ராமன் விளைவைப் போற்றும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். அன்று கிருஷ்ணன் பெயரையும் சேர்த்துச் சொல்வதால் ராமனின் பெருமை குறைந்துவிடாது. அறிவியல் கூட்டுழைப்பு என்பதை நம் மாணவர்கள் உணர்வார்கள்.