இயேசுவைவிட சிங்கம் பிடித்தால் பாவமா? சி.எஸ். லூயிஸ் சொன்ன பதில்

1955-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா, ‘நார்னியா’ கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸுக்குக் கடிதம் போட்டார். அவருடைய 9 வயது மகனுக்கு ஒரே கவலை. இயேசுவைவிட நார்னியாவில் வரும் அஸ்லான் சிங்கத்தைத்தான் அதிகம் பிடிக்குது, இது தப்பா?

பேசும் விலங்குகள் மேல் லூயிஸுக்கே சின்ன வயசிலிருந்து பைத்தியம். 1898-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். கவசம் போட்ட எலி, முயல் என்று எழுதித் தள்ளி, அண்ணனோடு சேர்ந்து ‘பாக்ஸன்’ என்றொரு தனி உலகத்தையே உருவாக்கினார். 1908-ல் அம்மா புற்றுநோயில் இறந்தார். அவர் பிழைக்கணும்னு சிறுவன் செய்த ஜெபம் பலிக்கவில்லை. பதின்ம வயதில் நாத்திகரானார்.

பிறகு முதல் உலகப் போர், காயம், ஆக்ஸ்போர்டில் ஆசிரியர் வேலை. 1931 செப்டம்பரில் ஒரு நாள், நண்பர் டோல்கீனோடு நள்ளிரவு தாண்டியும் கடவுளைப் பற்றிப் பேச்சு. சில நாள் கழித்து அண்ணனின் மோட்டார் பைக் சைடுகாரில் விப்ஸ்னேடு மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது இயேசுவை நம்பத் தொடங்கியிருந்தார். மிருகக்காட்சி சாலை தற்செயல்தான், ஆனாலும்!

1950-ல் முதல் நார்னியா புத்தகம் வந்தது. டோல்கீனுக்கு அது பிடிக்கவில்லை என்பது தனிக்கதை.

அம்மாவின் கடிதத்துக்கு லூயிஸ் உடனே பதில் எழுதினார். அஸ்லான் செய்ததாக, சொன்னதாக அவனுக்குப் பிடித்ததெல்லாம் இயேசு செய்தது, சொன்னதுதான். அதனால் அவன் நேசிப்பது இயேசுவையே. சிங்க உடம்புதான் பிடிக்குதா? சின்னப் பையனின் கற்பனை எப்படி ஓடும் என்பது கடவுளுக்குத் தெரியும். கூடவே ஒரு வேண்டுகோள்: தன் புத்தகம் குழந்தைகளைக் குழப்பியிருந்தால், கடவுள் தன்னை மன்னிக்க வேண்டும் என்று பையன் தனக்காகவும் ஜெபிக்கட்டும்.